ஜாவளிகளுக்கு ஓர் அட்டவணை

கர்நாடக ஸங்கீத மேடைகளில் தருமபுரி என்னும் பெயர் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறதென்றால், அதற்கு முதற்காரணம் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, தெலுங்கு மொழியில் ஜாவளிகள் பல இயற்றி, அவற்றில் அந்தப் பெயரையே முத்திரையாகப் பதித்துச் சென்ற தருமபுரி சுப்பராயர் ஆவார். காபி ராகத்தில் ‘பருலன்ன மாட’, பரஸ் ராகத்தில் ‘ஸ்மரஸுந்தராங்குனி’, செஞ்சுருட்டியில் ‘ஸகிப்ராண’, கானடாவில் ‘வானி பொந்து’ என்று ரஸிகர்கள் மனப்பாடமாக அறிந்திருக்கும் இந்த உருப்படிகள், வீணை தனம்மாளின் (1867–1938) இல்லத்தில் போற்றிக் காக்கப்பட்டு, அவருடைய பேத்தியரான டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலஸரஸ்வதி ஆகியோர் வாயிலாக நம் காலத்துக்கு வந்து சேர்ந்தவை. இந்த ஜாவளிகளையும், திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தின் பாடல்களையும், அரூருக்கு அப்பால் சித்தேரி மலையில் வாழும் மலையாளி மக்களின் பாட்டுகளையும், இவை பதிவான இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் ஒன்றுதிரட்டி, தருமபுரி மாவட்டத்தின் இசைச் செல்வம் இது என்று இணையத்தில் எவரும் தேடிக் கேட்கும்படி ஒரு தளம் அமைக்க ஒருவர் முற்படுவாராயின், அவர் முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை ஒலியைப் பற்றியதும் அன்று, தளத்தின் அழகைப் பற்றியதும் அன்று. எந்தச் செய்தியை எங்கே எழுதி வைப்பது என்பதே. தரவுத்தளம் அமைக்கும் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, அகலமான அட்டவணை ஒன்றை வரைந்து, பாட்டின் முதலடி, ராகம், மேளம், தாளம், இயற்றியவர், அவருடைய ஊர், மாவட்டம், பாடியவர், வயலின், மிருதங்கம், கம்பெனி, தட்டின் எண், வெளியான ஆண்டு என்று பத்திகளை வகுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டு போவதாகும். சிறிய சேகரத்துக்கு இது போதுமானதே. பெரும்பாலோர் கம்ப்யூட்டரில் இவ்வாறுதான் தொடங்குகிறார்கள். ஆனால் சேகரம் வளர வளர, இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் தோஷங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

ராஜாஜியின் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி பாடிப் புகழ்பெற்ற ‘குறையொன்றும் இல்லை’ என்னும் பாடலை இயற்றிய ராஜாஜி, 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அவர் பிறந்தபோது தொரப்பள்ளி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவ்வூர் தருமபுரி மாவட்டத்ததாயிற்று. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானபோது அதனோடு சென்றது. ஊர் இருந்த இடத்தில் இருக்கிறது. மாவட்டம் இருமுறை மாறிவிட்டது. அந்தப் பாடலின் பதிவுகள் நூறு இருப்பின், நமது அகன்ற அட்டவணையில் தொரப்பள்ளியும் மாவட்டமும் நூறு முறை எழுதப்பட்டிருக்கும். மாவட்டம் மாறுந்தோறும் நூறு வரிகளையும் தேடித் திருத்த வேண்டும். தொண்ணூற்றெட்டைத் திருத்தி இரண்டை மறந்தோமானால், ஒரே ஊர் இரண்டு மாவட்டங்களில் இருப்பதாக நமது தளமே சாட்சி சொல்லும். இதனினும் கொடிய தோஷங்கள் வேறு இரண்டு உள. ஸ்வரதாளக் குறிப்புடன் புத்தகத்தில் அச்சேறி, ஒலிப்பதிவே கிட்டாத ஜாவளி ஒன்றை இந்த அட்டவணையில் எழுத இடமில்லை. ஏனெனில் இங்கே ஒரு வரி என்பது ஒரு பதிவு. மறுபுறம், ஒரு ஜாவளிக்கு நம்மிடம் இருந்த ஒரே தட்டு உடைந்துபோக, அந்த வரியை நீக்கினோமாயின், தட்டோடு அப்படியொரு ஜாவளி உண்டென்னும் அறிவும் நம்மிடமிருந்து நீங்கிவிடும். பொருள் அழிந்ததனால் அதைப் பற்றிய ஞானமும் அழிவது எத்தனை பெரிய நஷ்டம்!

இந்த தோஷங்களுக்கு மூலம் யாது என்பதைக் கணித நோக்கில் ஆராய்ந்து பரிகாரம் கண்டவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றி, பின்னர் அமெரிக்கா சென்று ஐபிஎம் நிறுவனத்தின் ஸான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது, 1970 ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையே இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் அஸ்திவாரம். அதற்கு முன்பிருந்த முறைகளில், அதே ஐபிஎம்மின் ஐஎம்எஸ் போன்றவற்றில், செய்திகள் வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை என்று ஒரு திசையாகவே அடுக்கப்பட்டிருந்தன. பாடகருக்குக் கீழே தட்டுகள், தட்டுக்குக் கீழே பாட்டுகள் என்று வைத்துவிட்டால், இந்தப் பாடகர் என்னென்ன பாடினார் என்ற வினாவுக்கு விடை எளிது. இந்தப் பாட்டை யார் யார் பாடினார்கள் என்று கேட்டாலோ, ஒவ்வொரு பாடகரின் கிளையிலும் ஏறி இறங்க வேண்டும். கேட்கப்போகும் கேள்வியைச் சேமிப்பவர் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டிய இந்த அடிமைத்தனத்திலிருந்து செய்தியை விடுவித்ததே காட் செய்த பேருபகாரம். செய்திகள் அனைத்தும் சாதாரண அட்டவணைகளாக இருக்கட்டும். ஒவ்வோர் அட்டவணையும் ஒருவகைப் பொருளைப் பற்றி மட்டும் பேசட்டும். வரிகளின் முன்பின் வரிசைக்கு அர்த்தம் ஏதும் வேண்டாம். ஒரே வரி இருமுறை வர வேண்டாம். அட்டவணைகளை இணைப்பது அம்புக்குறிகளாலன்று, அவற்றில் எழுதியிருக்கும் மதிப்புகளாலேயே நிகழட்டும் என்பது அவருடைய ஏற்பாடு. கணங்களைப் பற்றிய கணிதத்தில் இத்தகைய வரிகளின் தொகுதிக்கு உறவு என்று பெயர். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்னும் பெயர் வந்த வழி இதுவே. இதனை வினவுவதற்குரிய மொழியை டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வகுத்தனர். எஸ்க்யூஎல் என்று இன்று வழங்குவது அதன் வழிவந்ததே. 1981இல் கணினி இயலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது காடுக்கு அளிக்கப்பட்டது.

மதிப்புகளால் இணைப்பதென்றால், ஒவ்வொரு பொருளையும் பிறிதொன்றோடு மயங்காமல் சுட்டும் ஓர் அடையாளம் வேண்டும். பிரைமரி கீ என்று வல்லுநர் வழங்குவது இதனைத்தான். முதன்மைத் திறவுகோல் என்று நமது பள்ளிப் பாடநூல்கள் எழுதுகின்றன. பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டால் ஆகாதோ எனில், ஸங்கீத உலகில் அது சிறிதும் ஆகாது. தருமபுரி சுப்பராயர் ஓரிடத்தில் சுப்பராயர், வேறிடத்தில் சுப்பராய ஐயர். சியாமா சாஸ்திரிகளின் குமாரர் சுப்பராய சாஸ்திரிகள் (1803–1862) வேறொருவர். எட்டயபுரத்து சுப்பராம தீக்ஷிதர் இன்னொருவர். தமிழ்ப் பதங்கள் இயற்றிய வைத்தீசுவரன்கோயில் சுப்பராம ஐயர் மற்றொருவர். போதாததற்கு, ஜாவளிகள் இயற்றிய பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் (1845–1902) இருக்கிறார். தட்டின் லேபிளில் கம்பெனிக்காரர் சுருக்கி அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி வரி எழுதினால், ஒருவர் பாட்டு மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் அர்த்தமற்ற ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணை ஒருபோதும் மாற்றாமல், பெயர்களை அதற்குரிய விவரங்களாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த யுக்தி தருமபுரி மண்ணுக்குப் புதியதன்று. 1792இல் திப்பு ஸுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையினால் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமான, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் சீமையில், அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடிகளோடு நேரே தீர்வை பேசிய முயற்சியிலிருந்துதான் ரயத்துவாரி முறை வளர்ந்தது. அந்த மரபில் வந்த இன்றைய நிலப் பதிவேட்டைப் பாருங்கள். வயலுக்கு சர்வே எண் ஒன்று. உடையவருக்குப் பட்டா எண் ஒன்று. உடையவர் இறப்பார், விற்பார், பாகம் பிரிப்பார். வயலின் எண் அதனால் மாறுவதில்லை. எந்த எண்ணுள்ள வயல் எந்தப் பட்டாவில் அடங்கும் என்பது மட்டும் வேறு ஏட்டில் எழுதப்படுகிறது. வயலையும் உடையவரையும் ஒன்றாகக் குழப்பாமல், இருவருக்குமுள்ள சம்பந்தத்தைத் தனியே எழுதும் இந்த விவேகமே உறவுமுறைத் தரவுத்தளத்தின் விவேகமும் ஆகும். ஓர் அட்டவணையின் திறவுகோலை மற்றோர் அட்டவணையில் குறித்து வைக்கும்போது அதனை அயல் திறவுகோல் என்பர். இல்லாத ஆளின் எண்ணை அங்கே எழுத முற்பட்டால் தரவுத்தளம் தானே மறுத்துவிடும்.

இனி, எவை எவை தனித்தனிப் பொருள்கள் என்று தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் இசைச் சேகரம் அமைப்போர் பெரும்பாலும் வழி தவறுகின்றனர் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ‘ஸ்மரஸுந்தராங்குனி’ என்று நாம் சொல்லும்போது மூன்று பொருள்களில் எதையும் சொல்லலாம். சுப்பராயர் இயற்றியதும், எவரும் பாடாதபோதும் இருந்துகொண்டிருப்பதுமான உருப்படி ஒன்று. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்டவர் பாடி, ஒலிவாங்கி கவர்ந்துகொண்ட பதிவு இரண்டாவது. அந்தப் பதிவை ஏந்தி, விலைக்கு வந்து, வீட்டு அலமாரியில் இருக்கும் தட்டு மூன்றாவது. ஓர் உருப்படிக்குப் பதிவுகள் பல. ஒரு பதிவு 78 வேகத் தட்டாகவும், பிறகு எல்பி தட்டாகவும், காஸெட்டாகவும், ஸிடியாகவும் பலமுறை வெளிவரலாம். ஒரு தட்டில் பதிவுகள் பல அடங்கலாம். நூலகவியலார் இந்தப் பாகுபாட்டை 1998இல் முறைப்படி வகுத்து வெளியிட்டனர். 2000இல் ராபர்ட் கே தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மியூஸிக்பிரெய்ன்ஸ் என்னும் இசைத் தரவுத்தளமும் உருப்படி, பதிவு, வெளியீடு என்று இவ்வாறே பிரித்து நிற்கிறது.

பழைய தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிஷமே இசை அடங்கும். லேபிளில் அச்சிட்டிருப்பது பட்டியல் எண். வியாபாரி தட்டைக் கேட்டு வாங்குவதற்கு உரியது. லேபிளைச் சுற்றியுள்ள மழமழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் வேறொரு எண்ணோ, அன்று ஒலிப்பதிவு அறையில் வெட்டப்பட்ட அந்த ஒரு பக்கத்துக்கே உரியது. மேட்ரிக்ஸ் எண் என்பது அதன் பெயர். பட்டியல் எண் வெளியீட்டின் அட்டவணைக்கும், மேட்ரிக்ஸ் எண் பதிவின் அட்டவணைக்கும் போக வேண்டியவை. அதே பதிவைக் கம்பெனி வேறு பட்டியல் எண்ணுடன் மறுபடி வெளியிட்டால், இரண்டும் ஒன்றே என்பதை மேட்ரிக்ஸ் எண் காட்டிக்கொடுக்கும். நீண்ட உருப்படியை முதற்பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிப்பதும் உண்டு. அப்போது ஓர் உருப்படிக்கு இரண்டு பதிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஆதலின், வெளியீட்டையும் பதிவையும் நேரே இணைக்காமல், இந்த வெளியீட்டின் இந்தப் பக்கத்தில் இத்தனையாவதாக இந்தப் பதிவு என்று சொல்லும் இணைப்பு அட்டவணை ஒன்று இடையில் வேண்டும். பலவற்றுக்குப் பல என்னும் சம்பந்தம் எங்கே தோன்றினாலும் இப்படி ஓர் இணைப்பு அட்டவணை பிறக்கும். அதுவும் ஒரு பொருளே என்று அறிந்துகொண்டவர் பாதி வேலையை முடித்தவராவார்.

ராகத்தின் நிலை இதனினும் ரஸமானது. நமது அகன்ற அட்டவணையில் ராகத்துக்கு ஒரு பத்தியும் மேளத்துக்கு ஒரு பத்தியும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களின் திட்டத்தைத் தழுவிய இன்றைய வழக்கின்படி, பரஸ் 15ஆம் மேளமான மாயாமாளவகௌளையில் பிறந்தது; காபியும் கானடாவும் 22ஆம் மேளமான கரஹரப்ரியாவில் பிறந்தவை; செஞ்சுருட்டி 28ஆம் மேளமான ஹரிகாம்போதியில் பிறந்தது. பரஸ் ராகத்தின் மேளம் 15 என்பது ‘ஸ்மரஸுந்தராங்குனி’யைப் பற்றிய செய்தியா? அன்று, அது பரஸைப் பற்றிய செய்தி. உருப்படி ராகத்தைச் சுட்டுகிறது, ராகம் மேளத்தைச் சுட்டுகிறது. உருப்படிக்கும் மேளத்துக்கும் நேரடியான பாந்தவ்யம் இல்லை. இத்தகைய சுற்றுவழிச் செய்தியை மூல அட்டவணையிலிருந்து விலக்கி அதற்குரிய இடத்தில் வைப்பதே மூன்றாம் இயல்பு வடிவம் என்று காட் 1971இல் வகுத்த விதியின் ஸாரம். ராகங்களுக்குத் தனி அட்டவணை அமைத்து, அதில் ஒவ்வொரு ஜன்ய ராகத்தின் வரியும் அதே அட்டவணையிலுள்ள தன் தாய் ராகத்தின் வரியைச் சுட்டுமாறு வைத்தால், மேள எண் தாய் ராகங்களின் 72 வரிகளில் மட்டும் இருந்தால் போதும்.

இதனோடு ராக விசாரம் முடிந்ததா எனில், இல்லை. ‘குறையொன்றும் இல்லை’ சிவரஞ்சனி, காபி, ஸிந்துபைரவி ஆகிய மூன்று ராகங்களில் அமைந்த ராகமாலிகை. ஒரு பத்தியில் மூன்று பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதுவது, ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு என்னும் முதலாம் இயல்பு வடிவத்துக்கே விரோதம். காபி ராகத்தில் என்னென்ன இருக்கிறது என்று தேடுபவர்க்கு அது அகப்படாது போகும். ராகத்துக்கும் உருப்படிக்கும் இடையே வரிசை எண்ணுடன் கூடிய இணைப்பு அட்டவணை வேண்டும். மேலும், இப்பாடலின் ஸாஹித்யம் ராஜாஜியுடையது. இசையமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். இயற்றியவர் என்று ஒரே பத்தி வைத்தால் இருவரில் ஒருவருக்கு அநீதி நேரும். இன்னும் ஒரு படி சென்றால், ராகம் உருப்படிக்கு உரியதா, பதிவுக்கு உரியதா என்றே வினவ வேண்டியிருக்கிறது. பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பைரவி ராகத்துக்கு உரியதாக அவருடைய நூலில் குறிக்கப்பட்டிருக்க, கச்சேரிகளில் அது ராகமாலிகையாக அன்றோ ஒலிக்கிறது! பாரதியாரின் தோழரான சுப்பிரமணிய சிவா தமது இறுதிக் காலத்தைக் கழித்து 1925இல் மறைந்த பாப்பாரப்பட்டியும் இந்த மாவட்டத்தது. பாரதி பாடல்கள் இந்தச் சேகரத்தில் சேராமல் இரா. இவற்றைக் கருதி, நூல் கூறும் ராகத்தை உருப்படியோடும், காதில் விழும் ராகத்தைப் பதிவோடும் இணைத்து, இரண்டும் வேறுபடுமிடத்தில் வேறுபாட்டை மறைக்காமல் காட்டுவதே நேர்மையான முறை.

கலைஞர்களின் பங்கையும் இவ்வாறே எண்ண வேண்டும். பாலஸரஸ்வதி நர்த்தகி, பாடவும் வல்லவர். அவர் சகோதரர் டி. விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்வான்; அவரும் பாடுவார். ஆகவே இன்ன வாத்தியம் என்பது மனிதரைப் பற்றிய செய்தி அன்று. இந்த மனிதர் இந்தப் பதிவில் செய்தது என்ன என்பதைப் பற்றிய செய்தி. பதிவு, கலைஞர், பங்கு என்னும் மூன்றையும் ஒரு வரியில் வைக்கும் இணைப்பு அட்டவணை இங்கும் தேவைப்படுகிறது. பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய பதிவில் ஆளுக்கொரு வரி இருக்கும். லேபிளில் இருவர் பெயரையும் இணைத்து அச்சிட்டிருந்தால், அச்சிட்டபடியே அதை வெளியீட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். வயலினுக்கு ஒரு பத்தி, மிருதங்கத்துக்கு ஒரு பத்தி என்று வரைந்தவர், கூத்துக் குழுவின் பதிவு வந்து சேரும் நாளில் திகைத்து நிற்பார்; ஏனெனில் அங்கே முகவீணை உண்டு, ஆர்மோனியம் உண்டு, பின்பாட்டுக்காரர் உண்டு, இவர்களுக்கு அந்த அட்டவணையில் நாற்காலி இல்லை. வாத்தியங்களைப் பத்திகளாக வைக்காமல் வரிகளாக வைத்தவருக்கோ, முகவீணை என்று ஒரு வரி கூட்டினால் வேலை முடிந்தது. எந்த ஸங்கீதம் உயர்ந்தது என்ற தீர்ப்பை அட்டவணையின் கோடுகளே சொல்லிவிடாமல் காப்பதும் அமைப்பவரின் கடமை.

சித்தேரி மலைப் பாட்டுகளிடம் வரும்போது இயற்றியவர் என்னும் கட்டம் காலியாக நிற்கிறது. காலி என்பதற்கு எத்தனை அர்த்தங்கள்! இயற்றியவர் ஒருவர் இருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். வாய்வழி வளர்ந்து வந்ததனால் ஒருவர் இயற்றியது என்ற பேச்சே பொருந்தாமல் இருக்கலாம். தெரிந்திருந்தும் தட்டச்சு செய்தவர் எழுதாமல் விட்டிருக்கலாம். தரவுத்தளங்களில் நல் என்று சொல்லப்படும் வெற்றுக் குறி இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. உண்டாயினும் தெரியாதது, பொருந்தவே பொருந்தாதது என்று வெறுமையை இருவகையாகப் பிரிக்க வேண்டுமென்று காட் தம் பிற்கால நூலில் வாதிட்டார். பெரும்பாலான மென்பொருள்கள் அதனை ஏற்கவில்லை. நாம் செய்யக்கூடியது, உருப்படியின் மூலம் எவ்வகைத்து என்பதற்கு வாய்மொழி, ஒருவர் இயற்றியது, தெரியவில்லை என்னும் தனிப் பத்தி ஒன்று வைத்துக்கொள்வது. பாடிக் கொடுத்தவர், ஊர், நடவா ஒப்பாரியா விழாவா என்னும் சந்தர்ப்பம் ஆகியவையும் இத்தகைய பாட்டுக்கு இயற்றியவர் பெயரினும் முக்கியமானவை. இவையனைத்தும் பதிவைச் சேர்ந்த செய்திகள்.

சான்றுகள் முரண்படுவதும் உண்டு. ஒரே ஜாவளியைக் காபி என்று ஒருவரும் ஹிந்துஸ்தானி காபி என்று ஒருவரும் எழுதுவர். தட்டில் ஓர் ஆண்டும், கம்பெனிப் பட்டியலில் வேறோர் ஆண்டும் காணப்படும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். இந்தக் கூற்றை இந்த மூலம் சொல்கிறது என்று சான்று அட்டவணை ஒன்றில் இரண்டையும் எழுதி, தளத்தில் முதலில் காட்ட வேண்டியது எது என்று மட்டும் குறியிட்டு வைக்கலாம். ஆண்டு நிச்சயமாகத் தெரியாதபோது, இதற்கு முந்தியதன்று, இதற்குப் பிந்தியதன்று என்று இரு எல்லைகளை எழுதுவது, ஊகத்தை உண்மைபோல் எழுதுவதினும் எவ்வளவோ மேல். இந்த ஆண்டுக் கணக்கு வெறும் ஆராய்ச்சிக்காக மட்டும் அன்று. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் 60 ஆண்டு நீடிக்கும். ஸாஹித்யத்தின் உரிமையோ இயற்றியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு. சுப்பராயரின் ஜாவளிகளுக்கு உரிமைத் தடை இல்லை. 1972இல் மறைந்த ராஜாஜியின் ஸாஹித்யத்துக்கு 2032 முடியும்வரை உண்டு. உருப்படி வேறு, பதிவு வேறு என்று பிரித்து வைத்த தளத்துக்கே இந்தக் கணக்கைப் போடத் தெரியும்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒலியையே தரவுத்தளத்தில் திணிக்க வேண்டுவதில்லை: வினாடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்று ஒற்றைத் தடத்தில் பதித்தால், 3 நிமிஷத் தட்டுப் பக்கம் ஒன்று சுமார் 1.6 கோடி பைட் ஆகிறது. அதைப் பற்றிய வரிகளோ சில நூறு பைட்டுகளில் அடங்கும். ஒலிக்கோப்பு தனியிடத்தில் இருக்க, அதன் முகவரி மட்டும் பதிவின் வரியில் இருந்தால் போதும். தேடல் விரைவாக வேண்டுமானால், போயிங் நிறுவனத்தில் பணிபுரிந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்து 1972இல் வெளியிட்ட பி-மரச் சுட்டுவரிசை இருக்கிறது: ஏட்டுக்கு நூறு பெயர் வீதம் அடுக்கினால், 10 லட்சம் பெயர்களில் ஒன்றை மூன்றே ஏடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளுக்கு, தர்மபுரி, தருமபுரி, பண்டைய தகடூர் ஆகிய மூன்றும் ஓர் ஊரின் எண்ணையே சுட்டும்படி மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று வேண்டும்; தெலுங்கு எழுத்தில் ஒரு வடிவமும் தமிழ் எழுத்தில் பல வடிவங்களுமாக உலவும் ஜாவளிகளின் முதலடிகளுக்கு இது இன்றியமையாதது. மாவட்டங்களுக்கும் இதே வைத்தியம்தான்: இந்த ஊர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன மாவட்டம் என்று எழுதிவிட்டால், தொரப்பள்ளியின் மூன்று மாவட்டங்களும் மூன்று வரிகளில் சண்டையின்றி இருக்கும்.

இவ்வளவும் அமைந்தபின், கானடாவிலோ அதே 22ஆம் மேளத்தில் பிறந்த வேறெந்த ராகத்திலோ அமைந்த ஜாவளிகளுள், பெண்மணிகள் இருவர் சேர்ந்து பாடியதும், உரிமைக் காலம் முடிந்ததுமான பதிவுகள் எவை என்று ஒரு மாணவி கேட்கட்டும். அமைத்தவர் இப்படியொரு கேள்வியைக் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் ராகம், உருப்படி, பதிவு, பங்கு, கலைஞர் என்னும் அட்டவணைகள் திறவுகோல்களால் கைகோத்து நொடிப்பொழுதில் விடை தருகின்றன.

ஆனால் எத்தனை நுட்பமான அட்டவணையும், எழுதப்படாத செய்தியைத் தானாக உண்டாக்கித் தர இயலாது. தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டுப் பரண்களில் இசைத்தட்டுகளையும், திருவிழாக் கூத்தைப் பதித்த காஸெட்டுகளையும் வைத்திருப்போர் பலர் இருப்பர். ஒலியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்கு முன், தட்டின் இரண்டு பக்கத்து லேபிளையும், அதைச் சுற்றிய வளையத்தில் பொறித்த எண்ணையும் படமெடுத்து வையுங்கள். காஸெட்டாயின், பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த விழா, எந்த ஆண்டு என்பதை, அறிந்த பெரியவர்கள் உடனிருக்கும்போதே கேட்டுத் தாளில் எழுதி அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.